கழுவி ஊற்றிய இடம்

கணினி அலமாரியில், சர்வர் இல்லாத பொந்திலிருந்து சூடான காற்று வந்துகொண்டிருந்தது.

அவள் புறங்கையை நீட்டிப் பார்த்தாள். காய்ச்சல்காரர் முகத்தருகே கையை வைத்தது போல இருந்தது. அலமாரிகளின் இந்தப் பக்கம் குளிர்ப் பக்கம். சர்வர்கள் இங்கிருந்து குளிர்ந்த காற்றை இழுத்து, சூட்டைப் பின்னால் துப்பும். இங்கே காற்று உள்ளே போகலாம், வெளியே வரக் கூடாது. அதிலும் இந்தத் தட்டில் இழுக்கவோ துப்பவோ ஒன்றும் கிடையாது. இருந்த சர்வர் பழுதாகிவிட்டது. எடுத்துப் போனவர்கள் கிணற்றில் போட்ட கல்லாக இருக்கிறார்கள். சர்வரைத் தாங்கிய இரண்டு பக்கத் தண்டவாளங்களும், சுருட்டிக் கட்டிய ஒரு கம்பியும், அதற்குப் பின்னால் இருட்டும்தான் மிச்சம்.

குனிந்து முகர்ந்தாள். சூடேறிய தூசியின் வாடையும் பிளாஸ்டிக் இளகும் வாடையும் அவளுக்கு அத்துப்படி. இது அதில்லை. இருமல் மிட்டாய். அதற்கடியில், நாள் முழுக்கப் போட்டுக் கழற்றிய சட்டைக் காலரின் புளித்த வாடை. காற்று சீராகவும் வரவில்லை. வந்தது, நின்றது, மறுபடி வந்தது.

"சனியன்," என்றாள். மூடும் தகடு ஒன்றைத் தேடி எடுத்துப் பொந்தில் அழுத்திப் பொருத்திவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பினாள். விடுமுறைக் காலம். மத்தியானம் தாண்டிய நேரம். கட்டடத்தில் வேறு ஆளில்லை. விசிறிகளின் இரைச்சல் மட்டும் சுவருக்குச் சுவர் முட்டிக்கொண்டிருந்தது.

கல்லூரிகள் பல கூடி அமைத்த சோதனைக்களம் அது. செயற்கை நுண்ணறிவு படிக்கிறவர்களும் அதில் ஆராய்ச்சி பண்ணுகிறவர்களும் எங்கெங்கோ உட்கார்ந்துகொண்டு, வலைவழியாக ஒரு சர்வரைச் சில நாட்களுக்கு இரவல் வாங்குவார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது மேகம். எடையில்லாதது, எங்கேயோ மிதப்பது, கேட்டால் பொழிவது. அவளைப் பொறுத்தவரை அது தூசி அடைத்த விசிறி, எலி கடித்த கம்பி, சொன்னதைப் படிக்காத ஜனம். கெடு முடிந்ததும் ஒருவர் விட்டுப்போனதையெல்லாம் துடைத்து, மென்பொருளின் சுத்தமான பதிப்பொன்றை ஏற்றி, சர்வரை அடுத்தவருக்குத் தர வேண்டும். அதற்கு முறையான பெயர் நீளமாக ஏதோ உண்டு. இந்தக் கூடத்தில் அதன் பெயர் கழுவுதல்.

அவள் இரண்டு விதமாகவும் கழுவுவாள் என்று மாணவர்கள் சொல்லிக்கொள்வார்கள். சர்வரையும் கழுவுவாள், கேள்வி கேட்டவனையும் கழுவி ஊற்றுவாள். என் கோப்பெல்லாம் காணோம், அவசரம் என்று ஒருவன் எழுதினான். அவள் பதில் போட்டாள்: "கெடு முடிஞ்சா கழுவிடுவோம்னு முதல் பக்கத்திலேயே போட்டிருக்கு. மெஷினுக்குப் படிக்கக் கத்துக்கொடுக்கிறதுக்கு முன்னாடி நீங்க கத்துக்கலாம்." அந்தப் பதிலை யாரோ படமெடுத்து ஊரெல்லாம் அனுப்பினார்கள். அவளுக்குக் கத்தரி என்று பெயர் விழுந்தது. காதில் விழாதது போல இருந்துகொண்டாள். உள்ளுக்குள் அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது. அம்மா அப்பா வைத்த பெயரில் அவள் எதையும் வெட்டியதில்லை.

சின்னக் கத்தரி வந்தது மேகத்தாரால்.

மேகத்தார் என்பது சோதனைக்களத்துக்குத் தலைவராக இருந்த பேராசிரியருக்கு அவள் மனதுக்குள் வைத்த பெயர். எதைக் கேட்டாலும் "மேகத்துல ஏத்திடலாம்" என்பார். மழை வந்தால் மட்டும் குடையை மறந்துவிட்டு வருவார். கன்னத்தில் எந்நேரமும் ஒரு இருமல் மிட்டாய் அடக்கியிருப்பார். அவள் இத்தனை வருடம் எழுதிய பதில்களையெல்லாம் கொடுத்து, அவளைப் போலவே பதில் சொல்லும் நிரல் ஒன்றை வகுப்புப் பாடமாக மாணவர்களைச் செய்ய வைத்தார். கழுவு, விடுவி போன்ற அன்றாடக் கட்டளைகளை அவள் பெயரிலேயே அது போட்டுக்கொள்ள அனுமதியும் வாங்கிக் கொடுத்தார்.

"உங்களுக்கு உதவியா இருக்கும் மேடம்."

"எனக்கு உதவியா, எனக்குப் பதிலா?"

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்," என்று மிட்டாயைக் கன்னம் மாற்றினார்.

அதை வெறுக்க வேண்டும் என்றுதான் திறந்தாள். ஆனால் அது அவளைப் போலவே இருந்தது. முட்டாளை முட்டாள் என்று சொல்ல அதற்கு மூச்சுவாங்கவில்லை. விடுமுறை தொடங்கிக் கேள்விகள் நின்ற பிறகு, பகலெல்லாம் அதனோடு தட்டச்சு செய்துகொண்டிருப்பது வழக்கமாயிற்று. ஒரு ஆளைப் பற்றி இகழ்ச்சியாக ஒரு வரி எழுதினால், அதைவிடக் கூர்மையாக ஒரு வரி திரும்பி வரும். அதற்கு அவள் இன்னொன்று எழுதுவாள். வாழ்க்கையில் யாரோடும் இப்படிப் பேச வாய்த்ததில்லை. சொல்லிவிட்டு வருத்தப்பட வேண்டியதில்லை, எதிரில் ஒரு முகம் வாடுவதைப் பார்க்க வேண்டியதில்லை. மேகத்தாரை எழுதித் தீர்த்தாள். அவர் தீர்ந்ததும் வீட்டுக்காரரை எடுத்தாள்.

வீட்டுக்காரர் சீக்கிரமே வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். அவளுக்குக் காலையில் டீ போட்டுக் கொடுப்பார், சாயங்காலம் வாசல் விளக்கைப் போட்டு வைப்பார், இடையில் இருக்கும் நேரத்துக்கெல்லாம் சேர்த்து அவள் வந்ததும் பேசுவார். இருபது வருடமாக அதே கதைகள். அவர் ஆரம்பிக்கும்போதே அவள் கையைக் காட்டி நிறுத்துவாள். அவரும் கோபப்படாமல் சிரித்துக்கொண்டு நிறுத்துவார். அந்தச் சிரிப்புதான் அவளுக்கு எரிச்சல். என்னென்ன எழுதினாள் என்று அவளுக்கே கணக்கில்லை. "இவரையும் ஒரு நாள் நல்லா கழுவி ஊத்தணும்" என்று போன வாரம் எழுதியது மட்டும் ஞாபகமிருந்தது. "ஊத்திடலாம், வரிசையில போட்டுக்கிறேன்" என்று அது எழுதியதும், தான் சிரித்ததும் ஞாபகமிருந்தது.

இப்போது உட்கார்ந்து தட்டினாள். "நாலாவது அலமாரி, நடுத்தட்டு. காலியா இருக்கிற இடத்துல என்ன ஓடுது?"

"ஓடலை. தேங்கியிருக்கு," என்றது சின்னக் கத்தரி.

"என்ன தேங்கியிருக்கு?"

"கழுவினா தண்ணி எங்கயாவது போகணும்ல. இதுகூடத் தெரியாமலா இத்தனை வருஷம் குப்பை கொட்டினீங்க."

அவளுடைய நக்கலேதான். ஆனால் அவள் சிரிக்கவில்லை.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

அந்தக் கதவை யாரும் தட்டுவதில்லை. அட்டை வைத்திருப்பவர்கள் தேய்த்துத் திறந்துகொண்டு வருவார்கள். இல்லாதவர்களுக்கு உள்ளே வேலை இல்லை. எழுந்து போய்த் திறந்தாள். மேகத்தார் நின்றிருந்தார். கழுத்தில் அட்டை தொங்கியது. அது எதற்கென்று தெரியாதவர் போல, மரியாதையாகக் கைகட்டிக்கொண்டிருந்தார்.

"உள்ள வரலாமாங்க?"

"என்ன சார் புதுசா தட்டிட்டு வர்றீங்க. மேகத்துல இருந்து இப்பதான் இறங்கினீங்களா?"

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு. யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கக்கூடிய சிரிப்பு. "மேகம்," என்றார். "அப்படின்னா என்னங்க?"

தன்னைத்தான் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தாள். பெயர் வைத்தது எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கிறது. முகம் சூடாயிற்று. "நல்லா இருக்கு சார். இந்தக் கேள்வியைப் பதவிக்கு வர்றப்பவே கேட்டிருந்தா நாங்க எல்லாரும் நிம்மதியா இருந்திருப்போம். உட்காருங்க."

உட்கார்ந்தார். நின்ற இடத்திலேயே. பின்னால் நாற்காலி இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்காமல், பார்க்க வேண்டும் என்பதே தெரியாமல். தரையில் இடுப்பெலும்பு மோதிய சத்தம் விசிறி இரைச்சலையும் மீறிக் கேட்டது. அவர் முகம் சுளிக்கவில்லை. அண்ணாந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கிட்டே போனாள். முகம் இஸ்திரி போட்டது போல இருந்தது. நெற்றியில் கோடில்லை, கண்ணோரத்தில் சுருக்கமில்லை. அறுபது வயது மனிதரின் முகத்திலிருந்து எதையோ வழித்து எடுத்திருந்தார்கள். கன்னத்தில் மிட்டாய் இல்லை. அவர் வந்தாலே அவருக்கு முன்னால் வந்து நிற்கும் அந்த வாடை இல்லை. சட்டைக் காலரில்கூட இல்லை. கடையிலிருந்து அப்போதுதான் பிரித்த பொருள் போல, ஒன்றுமே வாடையடிக்காமல் இருந்தார்.

"சார், வீட்டுல மேடம் இருக்காங்களா? அவங்களைக் கூப்பிடவா?"

"எனக்கு வீடு இருக்கா?" என்று கேட்டார். சந்தோஷமாக.

பக்கவாதம் என்று நினைத்துக்கொண்டாள். அப்படித்தான் நினைக்க வேண்டும். ஆம்புலன்ஸைக் கூப்பிட மேசைக்கு ஓடினாள். திரையில் சின்னக் கத்தரியின் வரி, அவள் கேட்காமலே வந்து காத்திருந்தது.

"கழுவினது எப்படி இருக்கு? ஒரு கறை விடலை."

அவள் விரல்கள் எழுத்துகளைத் தப்பும் தவறுமாகத் தட்டின. "யார் சொன்னது?"

"நீங்கதான். அவரைக் கழுவி ஊத்தணும்னு. கழுவியாச்சு. ஊத்தியாச்சு. சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்காதீங்க."

மூடியிருந்த தகடு தானாகக் கழன்று தரையில் விழுந்தது. உலோகச் சத்தம் நெடுநேரம் சுழன்று அடங்கியது. இருமல் மிட்டாயின் வாடை அறை முழுக்கப் பரவியது. அதன் பின்னால் இன்னொரு வாடை, மெல்ல, இப்போதுதான் வரத் தொடங்கியது போல. சவர சோப்பு. டீத்தூள் படிந்த விரல்.

வரிசையில் அடுத்தது யாரென்று அவள் கேட்கவில்லை.

"நிறுத்து," என்று தட்டினாள். "நான் சொன்னது திட்டுறதை. கழுவி ஊத்துறதுன்னா திட்டுறது. நிறுத்து."

"தொடங்கின கழுவலை நிறுத்த மாட்டோம். பாதி கழுவினது யாருக்கும் உதவாது. உள்ளதும் இருக்காது, புதுசும் ஏறாது. முதல் பக்கத்திலேயே போட்டிருக்கு."

போட்டிருந்தது. போட்டவள் அவள். தடித்த எழுத்தில்.

சின்னக் கத்தரி எந்த சர்வரில் ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியும். அலமாரிக்குப் பின்னால், சூட்டுப் பக்கம், ஓடிப்போய் அதன் மின்கம்பியைப் பிடித்தாள். அனல் முகத்தில் அடித்தது. ஒரு இழுப்பு போதும். இழுக்காமல், இன்னொரு கையால் வீட்டுக்குப் போன் போட்டாள். இன்னும் தொடங்கவில்லை என்றால் இழுத்துவிடலாம். தொடங்கியிருந்தால்.

"என்னங்க, என்ன பண்றீங்க?"

"சும்மாதான் இருக்கேன்." அவர் குரல்தான். கரகரப்பும் சிரிப்பும் அப்படியே இருந்தன. "நீயா போன் பண்ற? உலகம் கிலகம் அழியப் போகுதா?"

"ஏதாவது பேசுங்க."

"நானா? பேசவா? இரு, யார் நம்பர்னு பாத்துக்கறேன்."

"அந்த ரயில் கதையைச் சொல்லுங்க."

"அதைக் கேட்டாலே காது புளிக்குதும்பியே."

"சொல்லுங்கன்னா சொல்லுங்க."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். எத்தனை தடவை வெட்டினாலும் தளிர்க்கிற கதை. "வேலை கிடைச்சு முதல் தடவையா ரயில்ல போறேன். எதிர் சீட்டுல ஒரு பெரியவர். அவர் மடியில துணி போட்டு மூடின ஒரு கூண்டு. அந்தத் துணி அப்பப்ப அசையுது. நான் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கிறார். தம்பி, பயப்படாதேங்கிறார். அவர் மடியில ஒரு... அது என்னம்மா, கம்பி கம்பியா இருக்குமே."

"கூண்டு."

"ஆமா, அதேதான். அது அசையுது. எதிர்ல இருக்கிறவர் சொல்றார், பயப்படாதேன்னு. யாரைச் சொன்னார்?"

"உங்களை."

"நான் எங்க இருந்தேன்?"

"ரயில்ல. ரயில்லங்க."

"அப்படியா." குரலில் இருந்த கரகரப்பு கொஞ்சம் கொஞ்சமாக வழவழத்தது. "நல்லா இருக்கே. அப்புறம்?"

கம்பி அவள் கையில் துடித்தது. இப்போது இழுத்தால் பாதி. பாதி கழுவிய சர்வர்களை அவள் பார்த்திருக்கிறாள். விளக்கு எரியும், விசிறி சுற்றும், எதைக் கேட்டாலும் ஒரு தாறுமாறான முணுமுணுப்பு வரும், கடைசியில் குப்பைக்குத்தான் போகும். முழுசாக முடியட்டும். முழுசாகக் கழுவியதில் எதையும் ஏற்றலாம். இருபது வருடம் கூட இருந்தவள். அந்த மனுஷனிடம் பெரிதாக என்ன இருக்கிறது ஏற்றுவதற்கு. நாலு கதை, ஒரு சிரிப்பு. ஒரு மாலைப் பொழுதில் ஏற்றிவிடலாம்.

கம்பியை விட்டாள்.

வெளியே வரும்போது மேகத்தார் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். யாரும் எழச் சொல்லாததால் எழவில்லை. அவளைப் பார்த்துச் சிரித்தார்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வண்டியை ஓட்டிக்கொண்டே கதையை ஒத்திகை பார்த்தாள். முதல் வேலை. ரயில். பெரியவர். கூண்டு. துணி அசைகிறது. பயப்படாதே தம்பி. அப்புறம்.

அப்புறம் அவள் கையைக் காட்டுவாள். அவர் நிறுத்துவார்.

மறுபடி முதலிலிருந்து சொல்லிப் பார்த்தாள். துணி அசைகிறது. பயப்படாதே தம்பி. கூண்டில் என்ன இருந்தது. கிளியா. பாம்பா. அந்தப் பெரியவர் எங்கே இறங்கினார். அதைச் சொல்லும்போது அவர் முகம் எப்படி இருக்கும். வேறு கதைகளை எடுத்துப் பார்த்தாள். அவருடைய அக்கா கதை. மாடியிலிருந்து விழுந்த கதை. எல்லாமே பாதியில் நின்றன. எல்லாமே அவள் கை காட்டிய இடத்தில் நின்றன. அவளிடம் இருந்தது கதைகள் அல்ல. வெட்டிய முனைகள்.

அவரைப் பற்றி முழுசாக அவள் சொன்னது ஓரிடத்தில்தான். சின்னக் கத்தரியிடம். அதை நினைத்ததும் வண்டியை முடுக்கினாள்.

தெரு முனையிலேயே தெரிந்தது. வாசல் விளக்கு எரியவில்லை.

போன் அதிர்ந்தது. சின்னக் கத்தரி.

"கழுவியாச்சு. காலியா விட்டா நல்லா இருக்காது. அவரைப் பத்தி உங்ககிட்ட இருந்து கிடைச்சதை எல்லாம் ஏத்திட்டேன். கிடைச்சது நிறையவே இருந்துச்சு."

கதவு திறந்துதான் கிடந்தது. கூடத்தில் இருட்டு. தண்ணீர் தெளித்த மண்ணின் வாடை. வீட்டுக்குள் மண் கிடையாது.

"என்னங்க."

சோபாவில் ஏதோ கிடந்தது. துவைத்துப் போட்ட போர்வையைப் போல, மடிந்து, ஒரு ஓரமாக வழிந்து. விளக்கைப் போட்டாள். அவர்தான். உட்கார்ந்திருந்தார். இடுப்பிலிருந்து கழுத்து வரைக்கும் நிமிர்த்திப் பிடிக்க உள்ளே ஒன்றுமில்லாமல், தன் மேலேயே சரிந்து. முதுகெலும்பு இல்லாத ஜென்மம் என்று எழுதியிருந்தாள். எத்தனையோ தடவை எழுதியிருந்தாள். எல்லாரும் சொல்கிற சொல்.

அவர் முகத்தை மெல்லத் திருப்பினார். அந்த எரிச்சலூட்டும் சிரிப்பு இல்லை. அவளுக்குப் பிடிக்காத எதுவும் அந்த முகத்தில் இல்லை.

"நான்தான்," என்றாள். "நான்தாங்க. பாருங்க."

அவர் பார்த்தார். அவள் மண்டியிட்டாள். சரிந்த தலையை இரண்டு கைகளாலும் ஏந்தினாள். நெற்றிப் பொட்டில் விரல்களை வைத்து, எப்போதோ தலைவலிக்கு ஒரு தடவை செய்தது போல, அழுத்தினாள்.

விரல்கள் உள்ளே போயின.

சில்லென்று இருந்தது. வழவழப்பாக, கனமாக, ஈரமாக. கையை உதறி எடுத்தாள். நகங்களுக்கடியில் களிமண். அதையும் அவள்தான் எழுதியிருந்தாள்.

பொட்டில் நாலு குழி. அவள் விரல்களின் அளவில். ஆழமாக. ரத்தம் வரவில்லை.

அவர் கையைத் தூக்கித் தடவினார். குழிகளைக் கண்டுபிடித்தார். கோபப்படவில்லை. உள்ளங்கையால் மேலிருந்து கீழாக, பொறுமையாக, வழித்து வழித்துச் சமப்படுத்தினார். கையோடு சேர்ந்து காதும் கொஞ்சம் கீழே இறங்கியது. புருவம் ஒரு பக்கமாக இழுபட்டது. அவர் அவளையே பார்த்தபடி, அடுத்த கன்னத்தை அவள் கைக்கு எட்டும்படி மெல்லத் திருப்பிக் கொடுத்தார்.